தேதி இல்லாத காயம்

தீபத்தப்போ 2,668 அடி மலை உச்சிக்குக் கொப்பரையைச் சுமந்துட்டுப் போறதை நாம எல்லாரும் அண்ணாந்து பார்த்திருக்கோம். அது வருஷத்துக்கு ஒரு தடவை. இன்னைக்குப் பேசப் போறது தினமும் சுமக்குறவங்களைப் பத்தி.

நம்ம பக்கம் நெல் விலை சொல்றதே 75 கிலோ மூட்டைக்குத்தான். லாரில மூட்டை ஏத்துற ஒரு அண்ணன்கிட்ட பேசினேன். ரெண்டு பேர் தூக்கிவிட, முதுகுல வாங்கிட்டு நடப்பாரு. ஒரு நாளைக்கு 100 மூட்டைன்னு வெச்சாலே 7,500 கிலோ. ஒருநாள் குனிஞ்சவரால நிமிர முடியல. "வலி எப்போ ஆரம்பிச்சது?"ன்னு டாக்டர் கேட்டிருக்காரு. "என்ன தேதி சொல்றது தம்பி? எல்லா நாளும் ஒரே மாதிரிதானே"ன்னாரு என்கிட்ட.

எங்க வேலையில மெமரி லீக்னு ஒண்ணு உண்டு. புரோகிராம் கொஞ்சம் கொஞ்சமா மெமரியைத் தின்னும், திருப்பித் தராது. வாரக்கணக்கா நல்லாத்தான் ஓடும். ஒருநாள் ராத்திரி படுத்துடும். கடைசியா வந்த ரிக்வெஸ்ட் மேல பழி விழும். முதுகும் அப்படித்தான். தசையும் தசைநாரும் ஆறுறதுக்குள்ள அடுத்த மூட்டை வந்துடுது. பழி கடைசி மூட்டைக்கு.

அமெரிக்காவோட நியோஷ் நிறுவனம் 1991-ல திருத்தின கணக்குப்படி, எல்லாமே வசதியா இருந்தாக்கூட ஒரு ஆள் தூக்க 23 கிலோதான் வரம்பு. குனிஞ்சா, திரும்பினா, அடிக்கடி தூக்கினா இன்னும் குறையும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லயே 55 கிலோவுக்கு மேல இருந்தா குறைக்கணும்னு பரிந்துரை செஞ்சுது.

நம்ம நாட்டு 1923 இழப்பீட்டுச் சட்டம் விபத்தையும், பட்டியல்ல இருந்த தொழில்நோய்களையும் பேசுச்சு. மெல்லத் தேயுற முதுகுக்கு எந்தத் தேதியை எழுதுறது?

"குனியாம, முட்டியை மடக்கித் தூக்குங்க"ன்னு அட்வைஸ் பண்றது சுலபம். 75 கிலோவுக்கு அது போதாது. மூட்டையைச் சின்னதாக்கணும், தள்ளுவண்டி வேணும், நடுவுல ஓய்வு வேணும். இதையெல்லாம் செய்ய வேண்டியது மூட்டைக்குச் சொந்தக்காரங்க.

கேட்கிறவங்க வீட்டுல சுமை தூக்குறவங்க இருந்தா ரெண்டு விஷயம். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணியாச்சான்னு பாருங்க. முதுகு வலியோட கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தைலம் தேய்ச்சுட்டு உட்காராம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அந்த அண்ணன் இப்போ மூட்டைக்கு வாய் தைக்கிறாரு. கூலி கம்மி. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.