எண்ணெய்க் கைக்கும் ஏட்டுக்கும் நடுவே



பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்து, ஐ.டி.ஐ.யில் ஈராண்டு அரம் பிடித்து, 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஓர் ஆலையில் அப்ரண்டிஸாகவும் இருந்து சான்றிதழ் பெற்ற இளைஞன், மேற்கொண்டு படிக்க விரும்புகிறேன் என்று வாயெடுத்தால், கைத்தொழில்காரனுக்குக் கணிதமும் பௌதிகமும் எதற்கு என்று கேட்கும் கனவான்கள் இந்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்களை ஒருநாள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அழைத்துச் செல்ல எனக்கு ஆசை. அங்கே லேத்தின் முன் நிற்கும் பையனிடம், ஒரு முனை 40 மில்லிமீட்டரும் மறுமுனை 30 மில்லிமீட்டரும் விட்டமாக, 100 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சரிவாகக் கடைந்து தரச் சொல்லட்டும். விட்டங்களின் வித்தியாசமாகிய 10-ஐ, நீளத்தின் இருமடங்காகிய 200-ஆல் வகுத்து, வந்த 0.05-க்கு உரிய கோணத்தை அட்டவணையில் தேடி, காம்பவுண்டு ஸ்லைடை ஏறக்குறைய 2 பாகை 52 நிமிடத்துக்குத் திருப்பி, நட்டை இறுக்கிவிட்டுத்தான் அவன் வேலையைத் தொடங்குவான். இது திரிகோணமிதி அல்லாமல் வேறென்ன ஐயா? கரும்பலகையில் எழுதினால் சாஸ்திரம், எண்ணெய்க் கையோடு செய்தால் கூலிவேலையா?

மேற்படிப்புக்குக் கதவு திறந்துதானே இருக்கிறது என்பார்கள். மெய்தான், ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். ஆனால் கதவைத் திறந்த மகானுபாவர்கள், நுழைகிறவன் முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமலே வருகிறான் என்பதை மறந்துபோனார்கள். அது தெரிந்ததாகவே பாவித்து ஆசிரியர் பாடத்தைத் தொடர, அரியர்மேல் அரியர் சேர்ந்து, பழி முழுதும் அவன் புத்தியின் மேல் விழுகிறது. வகுப்போ பகலில், ஆகவே வேலையை விட்டாக வேண்டும். அவன் சம்பளத்தை நம்பி உலை வைக்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா?

இதற்கு வழி கண்டவர்கள் இல்லாமல் இல்லை. லண்டனில் ஜார்ஜ் பர்க்பெக் முதலானோர் தொழிலாளருக்கென 1823-இல் தொடங்கிய கல்விச்சாலை, 1920-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்லூரியாகவே ஆயிற்று. 'மைஸ்டர்' என்னும் தொழில் வல்லுநர் தகுதி பெற்ற கைவினைஞர், பள்ளி இறுதித் தேர்வு எழுதாதவராயினும் பல்கலைக்கழகம் புகலாம் என்று ஜெர்மனியின் மாநிலக் கல்வி அமைச்சர்கள் 2009-இல் முடிவு செய்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோயம்புத்தூரிலேயே வேலையிலிருக்கும் டிப்ளமோக்காரர்கள் மாலை வகுப்பில் பி.இ. படித்திருக்கிறார்கள். அவர்களுக்கு இசைந்த ஏற்பாடு, அவர்களுக்குக் கீழே நிற்பவனுக்கு மட்டும் ஏன் அபூர்வமாயிற்று?

ஆகவே இச்சபையின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். தொழிற்பேட்டைகளை ஒட்டிய பாலிடெக்னிக்குகளில் மாலை வகுப்பு வேண்டும். இரண்டாம் ஆண்டில் நேரே சேர்பவனுக்கு, பாடம் தொடங்குமுன் விடுபட்ட கணிதத்தைக் கற்பிக்க வேண்டும். படிக்கிற தொழிலாளியை முதல் ஷிப்டிலேயே வைத்து, தேர்வுக் காலத்தில் ஓவர்டைமுக்கு நிர்ப்பந்திக்காதிருக்க வேண்டும். முதலிரண்டுக்கு அரசாங்கத்தின் தயவு தேவை. மூன்றாவதற்கு அதுவும் தேவையில்லை. அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் தொழிற்சங்கங்களே கேட்டுப் பெறலாம். சங்கத் தலைவர்கள் இதே மேடையில் வீற்றிருக்கிறார்கள். கேட்பார்களா, மாட்டார்களா என்பதை எனக்குப் பின் பேசும்போது உங்கள் முன்னிலையிலேயே அவர்கள் சொல்லட்டும்.