வெறுங்காலும் தோல் காலணியும்



கால்பந்தாட்டத்தைக் கண்டு வீடு திரும்புவோர், பந்தை வலைக்குள் செலுத்தியவர் பெயரையே சொல்லிக்கொண்டு செல்வர். பந்து வலைக்குள் புகாதவாறு தடுத்தவர் பெயர் அவர்கள் நாவில் இராது. இதில் வியப்பில்லை. நிகழ்ந்ததற்குக் கணக்கு உண்டு; நிகழாமல் தடுக்கப்பட்டதற்குக் கணக்கு ஏது? விளைந்த நெல்லைக் கண்டு மகிழ்வோர், நீரைத் தேக்கி நின்ற வரப்பை நினைப்பதில்லை. பின்காவலர் என்னும் ஆட்டக்காரர் அந்த வரப்பைப் போன்றவர். அத்தகைய ஒருவரைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகிறேன். அவர் பெயர் சைலேன் மன்னா.

மன்னா வங்காளத்தவர். 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் பிறந்தவர். ஹௌரா யூனியன் கழகத்தில் ஆடத் தொடங்கி, 1942-இல் கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். 1960-ஆம் ஆண்டு வரையில் அக்கழகத்தை விட்டு அகலவில்லை. இடப்புறப் பின்காவலர் என்பதே அவர் ஸ்தானம். ‘ஃப்ரீ கிக்’ எனப்படும் தனியுதையை வலிவோடும் குறியோடும் அடிப்பதில் பெரும் பெயர் பெற்றவர்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் இவ்வாட்டம் ஒரு தொழிலாக வளர்ந்திருந்தது. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற ஸ்வீடன் அணியைச் சேர்ந்த நார்டால், கிரென், லீட்ஹோம் ஆகிய மூவரும் 1949-ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டின் மிலான் கழகத்தில் ஊதியம் பெறும் ஆட்டக்காரர் ஆயினர். மன்னாவோ இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அலுவல் பார்த்துப் பிழைத்தார். பத்தொன்பது பருவங்கள் மோகன் பகானுக்கு ஆடியது பொருளுக்காக அன்று, பற்றினால்தான்.

அதே லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணியும் கலந்துகொண்டது. 1948 ஜூலை 31-ஆம் நாள், இல்ஃபோர்ட் என்னுமிடத்தில் பிரான்சு நாட்டை எதிர்த்து ஆடியது. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கினர். பிரெஞ்சுக்காரர் முதலில் ஒரு கோல் போட்டனர். பிற்பாதியில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் கோல் அதுவே. ஆயினும் ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மற்றொரு கோல் போட்டு வென்றுவிட்டது. இந்தியாவுக்கு அன்று கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாயின. ஒன்றைத் தவறவிட்டவர் மகாவீர் பிரசாத். மற்றொன்றைத் தவறவிட்டவர், தனியுதையில் வல்லவரான மன்னாவேதான்!

கெட்டிக்கார மாணவன் தனக்கு நன்கு தெரிந்த கணக்கிலேயே தவறி நிற்பதை ஆசிரியராயிருந்த நாங்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அதன்பின் அவன் என்ன செய்கிறான் என்பதே அவனுடைய தரத்தைக் காட்டும். மன்னா என்ன செய்தார்? மூன்றாண்டுகளுக்குள் இந்திய அணியின் தலைவரானார். 1951 மார்ச்சு மாதம் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், சாகு மேவாலால் போட்ட ஒரே கோலால் இந்தியா ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வெல்லும் ஆட்டத்தில், அந்தப் பூஜ்யத்தைக் காத்தவர்களுக்கும் பாதிப் புகழ் உரியதன்றோ?

அடுத்த ஆண்டே பெருந்தோல்வி வந்தது. 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், மன்னாவின் தலைமையில் ஆடிய இந்தியா, யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் தோற்றது. அப்போதும் நம்மவர் பலர் காலணியின்றியே ஆடினர்.

நேயர்களே, காலணியின்றி ஆடுவதில் நமக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1911 ஜூலை 29-ஆம் நாள் மோகன் பகான் கழகம் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியில் ஈஸ்ட் யார்க்ஷையர் என்னும் ஆங்கிலப் படைப்பிரிவின் அணியை வென்றபோது, பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். காலணி அணிந்திருந்த ஒரே ஒருவர் சுதீர் சட்டர்ஜி. அவரும் ஒரு பின்காவலரே என்பதைக் கவனியுங்கள். முன்வரிசையில் ஆடுபவர் எதிரியின் காலைத் தவிர்த்து விலகி ஓடலாம். பின்காவலர் விலக முடியாது. ஓடிவரும் காலின் குறுக்கே தம் காலை வைத்துப் பந்தைப் பறித்தாக வேண்டும். வெறுங்கால் தோல் காலணியோடு மோதும்போது விரல்கள் நசுங்கும். மேலும், ஈரமான புல்தரையில் வெறும் பாதம் வழுக்கும். காலணியின் அடியிலுள்ள குமிழ்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். உலர்ந்த தரையில் பந்தை வசப்படுத்த உதவிய பாதம், குளிரும் ஈரமும் உள்ள நாட்டில் கைகொடுக்கவில்லை.

ஹெல்சிங்கிக்குப் பின்னர், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை இரண்டுக்கு நான்கு என்று வென்று, நான்காம் இடம் பெற்றது. நெவில் டிசோசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் போட்டார். காலணி மட்டுமே இவ்வெற்றியைத் தந்தது என்று நான் சொல்லவில்லை. சையத் அப்துல் ரகீம் என்னும் ஒப்பற்ற பயிற்சியாளரின் உழைப்பும் அதில் இருந்தது. ஆயினும், தோல்விக்கான காரணத்தைத் தேடித் திருத்திக்கொண்டவர்களுக்கே அவ்வெற்றி வாய்த்தது.

இனி, மன்னாவிடம் நான் மிகவும் போற்றும் செயலுக்கு வருகிறேன். 1950-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் ஆட இந்தியாவுக்கு இடம் கிடைத்திருந்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே ஆகிய நாடுகளோடு நம் நாடும் ஒரே பிரிவில் வைக்கப்பட்டது. ஆனால் நம் அணி செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆட அனுமதி மறுத்ததால்தான் நாம் போகவில்லை என்று ஒரு கதை ஊரெங்கும் பரவியது. கேட்பதற்கு இனிய கதை! தன்மானத்தின் மணம் அதில் வீசுகிறது. அணியின் தலைவராகச் சென்றிருக்க வேண்டிய மன்னா அக்கதையை ஏற்றிருந்தால் அவர் புகழ் இன்னும் வளர்ந்திருக்கும். அவர் ஏற்கவில்லை. நம்மவர்க்கு அன்று ஒலிம்பிக்கே பெரிது. உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை. காலணி காரணமன்று என்று பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். தம் வலையை நோக்கி வந்த பந்துகளை மட்டுமன்று, தமக்குப் பெருமை சேர்க்க வந்த பொய்யையும் தடுத்து நிறுத்தினார்.

இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அரக்கோணத்திலிருந்து மேற்கே செல்லும் இரயில் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் கடந்து செல்கிறது. வழியில் சற்று விலகினால் இராணிப்பேட்டை. தோல் பதனிடுவதும் காலணி தைப்பதும் இவ்வூர்களின் வாழ்வு. இங்கே தைக்கும் காலணிகள் கடல் கடந்து அயல்நாட்டார் கால்களை அலங்கரிக்கின்றன. அதே ஊர்களின் மைதானங்களில், கல்லும் முள்ளும் கிடக்கும் தரையில், நம் சிறுவர்கள் வெறுங்காலோடு பந்தைத் துரத்துகிறார்கள். அதைக் கண்டு, ‘எவ்வளவு துணிவு!’ என்று மெச்சிவிட்டுப் போவது எளிது. இல்லாமைக்கு வீரம் என்று பெயர் சூட்டிவிட்டால், அதைப் போக்க வேண்டிய கடமை நமக்கு இல்லாமற் போகிறதல்லவா? அந்த எளிய வழியைத்தான் மன்னா நமக்கு அடைத்துவிட்டார்.

ஒவ்வொரு பள்ளியும் பல அளவுகளில் சில இணைக் காலணிகளைப் பொதுவுடைமையாக வைத்திருக்கலாம். நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குவது போல் அவற்றையும் கொடுத்து வாங்கலாம். தோல் தொழிலில் ஈடுபட்டோர் மனம் வைத்தால் இது பெரிய காரியமன்று. கோல் போடும் சிறுவனை மட்டுமன்றி, பின்னால் நின்று காக்கும் சிறுவனையும் பெயர் சொல்லிப் பாராட்டும் வழக்கத்தை ஆசிரியர்கள் மேற்கொள்ளலாம். அதற்குச் செலவே இல்லை.

சைலேன் மன்னா 1971-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2012 பிப்ரவரி 27-ஆம் நாள் மறைந்தார். அவர் காத்த வலையில் புகாமற்போன பந்துகள் எத்தனை என்பதற்கு ஏடு இல்லை. அவர் காத்த உண்மைக்கு நாம் சாட்சியாயிருப்போம்.