மீன் செத்தால் நமக்கென்ன என்று இருக்க முடியாது
(சுருளிப்பட்டி விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



காட்டாமணக்கு நமக்குப் புதுசு இல்லை. வேலியில் ஊன்றினால் ஆடு மாடு வாய் வைக்காது. அந்தச் செடியைத்தான் 2003-ல் திட்டக்குழு டீசல் காய்க்கிற மரமாக்கிக் காட்டியது. 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலப்போம் என்றார்கள். தரிசில் காய்க்கும், தண்ணீரே வேண்டாம் என்றார்கள். கோவை, திருவண்ணாமலைப் பக்கம் நட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. சொன்ன விளைச்சல் இல்லை, பாசனம் இல்லாமல் ஆகவும் இல்லை. பெரும்பாலோர் கைவிட்டுவிட்டார்கள்.

அத்தோடு தொலைந்ததா? இல்லை. 2018 கொள்கையில் 2030-க்குள் 5 சதவீதம் என்று மறுபடி எழுதியிருக்கிறார்கள். இப்போது வடை சுட்ட எண்ணெயையும் வாங்கி பயோடீசல் ஆக்குகிறார்கள். அது நல்லதுதான், அந்த எண்ணெயைத் திரும்ப நம்ம வயிற்றுக்குள் ஊற்றாமல் இருந்தால் சரி. நம்ம கேள்வி வேறே. ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இருக்கிற இடத்தைத்தான் தேடி வருவான்.

எண்ணெயில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துத்தான் பயோடீசல் எடுக்கிறார்கள். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ கிளிசரின் மிஞ்சும். பிறகு கழுவின தண்ணீர், சோப்பும் எண்ணெயுமாக. இதை எங்கே கொட்டுவான்?

இயற்கைச் சரக்கு, மக்கிப் போகும் என்பார்கள். பொய்யில்லை. சாதா டீசலைவிட சீக்கிரம் மக்கும், நஞ்சும் குறைவு. ஆனால் மக்க வைக்கிற கிருமி, தண்ணீரில் கரைந்திருக்கிற பிராணவாயுவை இழுத்துவிடும். மேலே எண்ணெய்ப் படலம் மூடினால் காற்றும் இறங்காது. மீன் மூச்சுத் திணறிச் சாகும். அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தில் ஒரு கால்வாயில் பயோடீசல் கிளிசரினைக் கொட்டி 25,000-க்கும் மேல் மீன் செத்ததாக வழக்கே நடந்தது. 2008 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

பிண்ணாக்கு இன்னும் மோசம். மீன் பண்ணைக்காரரைக் கேளுங்கள். குஞ்சு விடுமுன் குளத்தில் கிடக்கிற விரால், கெளுத்தியை ஒழிக்க, ஒரு மீட்டர் ஆழத்துக்கு எக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு போடுவார். ரெண்டு மூணு வாரத்தில் நஞ்சு தணிந்து எருவாகும். அந்த இலுப்பையும் பயோடீசல் விதைதான். காட்டாமணக்குப் பிண்ணாக்கில் ஃபோர்பால் எஸ்டர் என்கிற நஞ்சு. தீவனத்தில் கலந்தால் கெண்டை மீன் ஒதுக்கும், வளர்ச்சி குன்றும். வயலில் போட்டால் எரு, ஓடையில் போட்டால் விஷம்.

சுருளியாறு நம்மோடு நிற்கவில்லை. முல்லைப் பெரியாற்றோடு சேர்ந்து வைகை அணைக்குப் போகிறது. அங்கே வலை போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மதுரைக்காரர் குடிக்கிறார். இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் நம்ம பன்னீர் திராட்சையும் இந்தத் தண்ணீரில்தான்.

ஆலையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் வேண்டாம். கிளிசரினும் கழுவு நீரும் எங்கே போகிறது என்று எழுதிக் கொடுக்காமல் அனுமதி தரக்கூடாது. தண்ணீர்ச் சோதனை முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டவேண்டும். இதை நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானமாக வைக்கிறோம். தண்ணி பாய்ச்சுகிற நாளாக இருந்தாலும் வீட்டுக்கு ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடுங்கள். தாய்மார்களும் வரணும்.