புதுக் குழையும் பசித்த ஆடும்: கால்நடைக்கு நஞ்சாகும் செடிகள் பற்றி
(இறக்கக்கண்டியில் மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வீட்டுத்திட்டம், மலசலகூடம், கிணறு துப்புரவு பற்றியெல்லாம் இன்று காலையிலிருந்து கேட்டுக் களைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது சின்ன விடயம் போலத் தெரியும். வாழ்வாதார உதவியாகக் கிடைக்கும் ஆடு, மாடு வந்த முதல் மாதத்திலேயே செத்துப்போகாமல் பார்ப்பது எப்படி என்பதுதான் அது. நான் கால்நடை வைத்தியர் அல்ல, கலைப்பிரிவில் படித்தவள். ஆகையால் மருந்தின் பெயர், ஊசியின் அளவு எதுவும் என்னிடம் கேட்கவேண்டாம். செடியைப் பற்றியும் செய்யக்கூடாதவை பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆடு எந்தச் செடியைத் தின்னலாம், எதை விடவேண்டும் என்பதைத் தாயோடு மேய்ந்து பழகிக்கொள்ளும். உங்களுக்கு வரப்போகும் ஆடு அப்படியில்லை. வேறு மாவட்டத்தில் வாங்கி, லொறியில் ஏற்றி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் தீனியும் இல்லாமல் கொண்டுவந்து இறக்குவார்கள். இறங்கியதும் அது முன்னால் நிற்கும் பச்சையில் வாய் வைக்கும். அந்தப் பச்சை என்ன? ஆட்கள் இல்லாத காலத்தில் உங்கள் வளவில் எழும்பிய பற்றை. பழைய வேலியும் பூமரமும் காடாகிப் போனவை. பசியும் புது இடமும் சேர்ந்தால்தான் பெரும்பாலும் நஞ்சு உள்ளே போகிறது. வயிறு நிறைந்த ஆடு இவற்றில் பலவற்றை மோந்து பார்த்துவிட்டு விலகிப்போகும்.

ஆகவே ஆடு வரும் நாளுக்கு முன்பே இரண்டு கட்டு நல்ல குழையும் ஒரு வாளி தண்ணீரும் ஆயத்தமாக இருக்கட்டும். தின்றபிறகு வளவுக்குள் விடுங்கள். இந்த ஒரு வேலையே பாதி ஆபத்தைக் குறைக்கும்.

இனிச் செடிகள். முதலாவது நாயுண்ணி. உண்ணிச்செடி என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் கந்தபான. மஞ்சள், செம்மஞ்சள், ரோசா நிறங்கள் ஒரே கொத்தில் கலந்து பூக்கும். இலையைக் கசக்கினால் மூக்கில் அடிக்கும் மணம். தண்டு சொரசொரப்பு. காய் பழுத்தால் கறுப்பு. அமெரிக்கக் கண்டத்துச் செடி. பிரித்தானியர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தது, இன்று நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரை விட்ட காணியெல்லாம் அதன் வீடு.

இதன் இலையில் உள்ள நஞ்சு ஈரலைப் பிடிக்கும். ஈரல் கெட்டால் நடப்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தோல் நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு இருப்பார்கள். பச்சை இலை செரிக்கும்போது வயிற்றில் ஒரு நிறப்பொருள் உண்டாகிறது. நல்ல ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். கெட்ட ஈரலால் முடியாது. அது இரத்தத்தோடு தோலுக்குப் போய்ச் சேரும். வெயில் பட்டதும் அந்த இடம் வெந்துபோகும். மூக்கு நுனி, காது, மடி, வெள்ளை மயிர் உள்ள இடங்கள் சிவந்து, வெடித்து, உரியும். கறுப்பு மாட்டில் இது அவ்வளவாகத் தெரியாது, வெள்ளைப் புள்ளி உள்ள மாட்டில் புள்ளி மட்டும் உரிந்திருக்கும். கண் மஞ்சளாகும். சாணம் இறுகும். தீனி எடுக்காது, நிழலைத் தேடி நிற்கும்.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. நஞ்சு பட்டதும் இரைப்பை அசைவது நின்றுவிடும். தின்ற இலை உள்ளேயே தங்கி, நாள்கணக்கில் நஞ்சைக் கசியவிடும். “நேற்றே பற்றையை வெட்டிவிட்டோமே, இன்று ஏன் மோசமாகிறது” என்று கேட்டால் காரணம் இதுதான். வைத்தியர் கரித்தூள் மருந்து கொடுப்பது வயிற்றில் மிச்சமிருக்கும் நஞ்சைப் பிடித்துக்கொள்ளத்தான். அதுவரை மாட்டை முழு நிழலில் கட்டுங்கள். தறப்பாள் நிழல் போதாது, கொட்டிலுக்குள் கட்டுங்கள்.

அடுத்தது அலரி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எல்லாம். கோயில் பூவுக்கும் வாசல் அழகுக்கும் வைத்த மரம், வெட்டி எறியச் சொல்லவில்லை. ஆனால் கிளை கழித்தால் கழித்ததை எங்கே போடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நிற்கும் அலரியை மாடு பெரும்பாலும் தொடாது, கசப்பு. வெட்டி வாடிப்போன கிளை புல்லோடு கலந்து கிடந்தால் தின்றுவிடும். காய்ந்தாலும் நஞ்சு போகாது. பத்து, இருபது இலை ஒரு பெரிய மாட்டுக்கே போதும். இதயத்தை நிறுத்தும் நஞ்சு, பல சமயம் அறிகுறி எதுவும் காணாமல் காலையில் செத்துத்தான் கிடக்கும். வளவு துப்புரவாக்கும்போது அலரி, எருக்கலை இரண்டையும் தனியாகக் குவித்து வேலிக்கு வெளியே ஆழமாகத் தாழுங்கள். எரிப்பதானால் புகைக்குள் நிற்கவேண்டாம், அந்த விறகில் சமைக்கவும் வேண்டாம்.

காட்டாமணக்கு வேலி, ஆமணக்கு, ஊமத்தை இவை எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றில் விதைதான் மோசம், அதுவும் ஆட்டைவிடப் பிள்ளைகளுக்கு. குன்றிமணியும் அப்படித்தான். முழுதாக விழுங்கினால் ஓடு கடினமாக இருப்பதால் அப்படியே வெளியே வந்துவிடலாம், கடித்து உடைத்தால் உயிருக்கு ஆபத்து. முன்பு இந்தியாவில் தோலுக்காக மாடுகளைக் கொல்பவர்கள் குன்றிமணியை அரைத்து ஊசிமுள்ளாக உருட்டிக் குத்துவார்களாம். அவ்வளவு சின்ன அளவே போதும்.

மரவள்ளி பற்றி அதிகம் பேசவேண்டியிருக்கிறது. திரும்பி வந்தவுடன் எல்லோரும் ஊன்றுவது மரவள்ளித் தடிதான், கெதியாக வரும், காவல் தேவையில்லை. வீட்டுப் பெண்களுக்கு இதன் குணம் தெரியும். அவிக்கும்போது மூடி போடமாட்டீர்கள், இஞ்சி சேர்க்கமாட்டீர்கள். மூடி போடாததற்குக் காரணம், அந்த நஞ்சு ஆவியாகப் போய்விடும் என்பது. சயனைட் என்கிறோமே, அதுதான். ஆனால் தோலைச் சீவியதும் அதை அப்படியே ஆட்டுக்குப் போடுகிறோம். கிழங்கின் சதையைவிடத் தோலில்தான் நஞ்சு அதிகம், இலையிலும் உண்டு. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் புகுந்து இளங்குருத்தை வேகமாகத் தின்றால் சில நிமிடங்களில் மூச்சு இரைக்கும், வாயில் நுரை வரும், முரசும் கண்ணின் உட்தோலும் கடும் சிவப்பாக இருக்கும், விழுந்து உதைக்கும். இதற்கு ஊசி மருந்து உண்டு, நேரம்தான் இல்லை. விழாமல் இரண்டு மணித்தியாலம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மரவள்ளி இலை நல்ல தீனி, அதை வீணாக்கவும் கூடாது. இலையையும் தோலையும் சின்னதாக வெட்டி, பாயில் மெல்லியதாகப் பரப்பி, நன்றாக வெயிலில் காயவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மற்றத் தீனியோடு கலந்து கொடுங்கள். இறுங்கு பயிரிடுபவர்களும் கவனியுங்கள்: கோடையில் வாடி, மழை கண்டதும் வெடிக்கும் இளங்குருத்தில் இதே நஞ்சு இருக்கிறது. இடுப்பளவு வளரும்வரை மாட்டை உள்ளே விடவேண்டாம்.

காணி உழும்போது, புல்டோசர் போட்டுத் துப்புரவாக்கும்போது கார்த்திகைப்பூவின் கிழங்கு மேலே வரும். கலப்பைக்கிழங்கு என்று நாட்டு வைத்தியர் சொல்வது அதைத்தான். கலப்பை போல வளைந்திருக்கும். கொடி காய்ந்துபோன காலத்தில் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். தின்று சில மணித்தியாலம் கழித்துத்தான் வயிற்றோட்டம் தொடங்கும், அதனால் எதைத் தின்றோம் என்பதே மறந்துபோகும். பெயர் தெரியாத கிழங்கு மனிதருக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம்.

களப்புப் பக்கம் விறகுக்கும் வேலிக்கம்புக்கும் போகிறவர்கள் தில்லை மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். வெட்டினால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வை மறைந்துவிடும். ஆட்டின் வாயும் கண்ணும் வெந்துபோகும்.

சரி, எதைத்தான் கொடுப்பது? பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பலா இலை இவை இருக்கின்றன. சீமைக்கிளுவை, அதாவது கிளிசீரியா, வேலிக்கும் ஆகும் தீனிக்கும் ஆகும். அதன் விஞ்ஞானப் பெயருக்கே எலிகொல்லி என்றுதான் பொருள், ஆனால் ஆடு மாட்டுக்கு நல்ல தீனி. இரவு வெட்டி வைத்து வாடியபின் கொடுத்தால் விரும்பித் தின்னும். இப்பிலிப்பில்லும் நல்லது, ஆனால் முழுத் தீனியாக வேண்டாம், மூன்றில் ஒரு பங்குக்குமேல் போகாமல் பாருங்கள். கூடினால் மயிர் கொட்டும், கழுத்தில் கழலை வரும். முயலுக்கும் பன்றிக்கும் இன்னும் மோசம். இதில் ஒரு சுவையான விடயம். ஹவாய்த் தீவில் இதையே தின்று வாழ்ந்த ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று தேடிய அவுஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், அந்த ஆடுகளின் இரைப்பையில் இந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதைக் கண்டார். 1980களில் அதை அவுஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார்கள், அவையும் தப்பின. நம் ஆட்டுக்கு அது இருக்கிறதென்று நம்பி இறங்கவேண்டாம்.

குழை வெட்டுவதில் ஒரு நிபந்தனை. மிதிவெடி அகற்றியதாக அறிவிக்கப்படாத பற்றைக்குள் குழைக்காகவோ, ஓடிய ஆட்டைத் தேடியோ போகவேண்டாம். பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். ஆடு போனால் போகட்டும்.

வவுனியாவிலிருந்தும், மண்டபத்திலிருந்தும் வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள். பாத்தீனியம் உங்களுக்குத் தெரியும். கரட் இலை போல இலை, வெள்ளைப் பொட்டுப் போலப் பூ. 1950களின் நடுவில் இந்தியாவில் புனேயில் கண்டது, அமெரிக்காவிலிருந்து வந்த தானியத்தோடு வந்ததாகச் சொல்வார்கள். இலங்கையில் 1999இல் வவுனியாவில் அடையாளம் கண்டார்கள். இந்தியப் படை இங்கே நின்ற 1987 முதல் 1990 வரையான காலத்தில் அவர்கள் உணவுக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்திருக்கலாம் என்பது பலருடைய கருத்து. யுத்தம் கொண்டுவந்த பூண்டு என்று சொன்னால் பிழையில்லை. ஒரு செடியில் 15,000 விதைக்குமேல் உண்டாகும். மாடு தின்றால் பால் கசக்கும், வாயும் தோலும் புண்ணாகும், தீனியில் பெரும்பங்கு அதுவானால் சாகும். பிடுங்குகிறவருக்குத் தோல் தடித்து அரிக்கும், சிலருக்கு மூச்சு முட்டும்.

இறக்கக்கண்டிக்கு அதைக் கொண்டுவரவேண்டாம். ஏற்றுமுன் ஆட்டின் குளம்பையும் மயிரையும் துடையுங்கள். வைக்கோல், எரு, பூக்கன்றுச் சாடி இவற்றை விட்டுவிட்டு வாருங்கள். கூரைத் தகரமும் தறப்பாளும் கட்டிய இடத்திலேயே உதறுங்கள். இங்கே ஒரு செடி கண்டால் பூக்கமுன், மழை பெய்து நிலம் ஈரமான நேரத்தில், கையில் பொலித்தீன் பை மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்ததை ஆட்டிப் பிடுங்கினால் நீங்களே விதைத்ததாகிவிடும்.

மிருகம் நஞ்சு தின்றதாகச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? நடத்தவேண்டாம். படுத்துக் கிடக்கும் மாட்டின் வாயில் எண்ணெய், புளித்தண்ணீர், மோர் எதையும் ஊற்றவேண்டாம். விழுங்கமுடியாமல் நுரையீரலுக்குள் போய் அதுவே கொன்றுவிடும். எந்த நேரம் மேய்ந்தது, எந்த நேரம் மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். வயலுக்கு மருந்தடித்த வரம்புப் புல்லையோ, யூரியா உரப்பை கழுவிய தண்ணீரையோ தொட்டதா என்றும் பாருங்கள். செடி நஞ்சென்று நினைப்பது சில நேரம் அதுவாக இருக்கும்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. “சாகத்தானே போகுது, அதுக்குள்ள அறுத்துடுவம்” என்ற பேச்சு வரும். கடன்பட்டு வாங்கிய ஆடு என்றால் மனம் கேட்காது, எனக்கு விளங்குகிறது. ஆனால் நஞ்சுபட்ட மிருகத்தின் இறைச்சியைத் தின்னவும் வேண்டாம், அயலுக்கு விற்கவும் வேண்டாம். பாலைக் கறந்து நிலத்தில் ஊற்றுங்கள். கன்றுக்கும் விடவேண்டாம். உதவியாகக் கிடைத்த மிருகம் இறந்தால் புதைக்குமுன் கால்நடை வைத்தியருக்கும் கிராம சேவையாளருக்கும் அறிவியுங்கள். எதனால் இறந்தது என்பது எழுத்தில் இருந்தால், அடுத்த வீட்டு ஆட்டைக் காப்பாற்றலாம், உங்கள் பக்கத்து நியாயத்தையும் பேசலாம்.

கால்நடை வைத்தியரிடம் போகும்போது ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. ஒருவர் ஆட்டோடு நிழலில் நிற்கட்டும், மற்றவர் அது தின்ற செடியின் கொப்பை இலை, பூ, காயோடு ஒடித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகட்டும். இன்று வரும்போது உங்கள் வளவில் பெயர் தெரியாத செடி எதையாவது கொண்டுவந்திருந்தால் மேசைக்கு எடுத்து வாருங்கள், பிள்ளைகள் தொடாமல்.