வலிக்காமல் போகும் பார்வை

அம்மா குழுவில் வாங்கிய கடனில்தான் நான் நர்ஸ் படிப்பு முடித்தேன். இன்று கண் ஆஸ்பத்திரியில் கிளாக்கோமா பிரிவில் வேலை பார்க்கிறேன்.

பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெடுவதுதான் கிளாக்கோமா. அநேகம் பேருக்கு வலியே இருக்காது. முதலில் பக்கத்துப் பார்வை போகும். நேரே பார்ப்பது தெளிவாகவே தெரியும். கண்புரை என்றால் ஆபரேஷன் செய்து பார்வையை மீட்கலாம். இதில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

ஊரார் கண்ணையெல்லாம் பார்த்த நான், அம்மா கண்ணைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் அடிக்கடி இடித்துக்கொள்வார். "வயசாச்சுடி" என்பார். நானும் விட்டுவிட்டேன். கூட்டிப்போனபோது ஒரு கண் போயிருந்தது. இப்போது மற்றக் கண்ணுக்குத் தினமும் சொட்டு மருந்து.

40 வயது தாண்டியவங்க கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கோங்க. வீட்டில் ஒருத்தருக்கு இருந்தால் கூடப்பிறந்தவங்க, பிள்ளைகளும் பார்க்கணும். நானும் தம்பியும் பார்த்துக்கொண்டோம். பாட்டில் தீர்ந்ததும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீங்க. வாரச் சேமிப்பைத் தவறவிடாத நாம், கண்ணைத் தவறவிடலாமா?