வெள்ளத்தின் மண்கணக்கு



கரை அரிப்பும் வண்டல் படிவும் பற்றிய கருத்தரங்கைச் சானமாவில் ஏன் வைத்தீர்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். யானை கடக்கும் காடு, கேழ்வரகுக் கொல்லை, தக்காளித் தோட்டம், அப்பால் ஓசூர்த் தொழிற்சாலைகள். படுகை என்று சொல்ல அகன்ற நிலம் இங்கே ஏது, விழுப்புரத்திலோ கடலூரிலோ வைத்திருக்கலாமே என்பது அவர்கள் வாதம். அங்கே வயலில் படியும் மண்ணில் ஒரு பங்கு புறப்படுவது இந்த மேட்டு நிலத்திலிருந்துதான் என்பது என் பதில். நந்திமலைப் பக்கம் பிறந்து, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, ஏறத்தாழ 430 கிலோமீட்டர் ஓடிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது தென்பெண்ணை. மேலே அறுப்பதும் கீழே போடுவதும் ஒரே ஆறுதான்.

வெள்ளத்தை நாம் கன அடியில் மட்டுமே எழுதி வைக்கிறோம். அது கொண்டுபோன மண்ணையும் கொண்டுவந்து போட்ட மண்ணையும் எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பின்னே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வெளியேறிய நீர் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி. அந்த எண் எல்லோருக்கும் மனப்பாடம். அதே எண்ணை வைத்து மண்ணுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு ஒரே ஒரு கிராம் வண்டல் என்று வைத்துக்கொண்டாலும், அவ்வளவு நீர் வினாடிக்கு நாலே முக்கால் டன் மண்ணைச் சுமக்கும். ஒரு மணி நேரத்துக்கு 17,000 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் 1,700 நடை. இது அனுமானம்தான். உண்மை அளவை அறிய ஆற்றில் மாதிரி எடுத்தாக வேண்டும்.

கரை எப்படி விழுகிறது? இடிந்த கரை ஒன்றின் எதிரே நின்று பாருங்கள். மேலே மூன்று நான்கு அடிக்குப் புல்வேர் பின்னிய களிமண். அதன் கீழே மணலும் கூழாங்கல்லும். மண்ணிலேயே எளிதில் பெயர்வது மணல்தான். களி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எதிர்த்து நிற்கும். சுவீடன் அறிஞர் ஹ்யூல்ஸ்ட்ரோம் 1935-இல் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார். எனவே வெள்ளம் அடியிலிருக்கும் மணலை உருவி எடுக்க, மேல்கட்டி தாங்கலின்றித் தொங்குகிறது. விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே தரையில் மெல்லிய விரிசல் ஓடும். ஆனாலும் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்வரை கரை பெரும்பாலும் நிற்கும்; ஆற்று நீரே அதை அணைத்துப் பிடித்திருக்கிறது. நீர் மளமளவென்று வடியும்போது அந்தப் பிடி விட்டுப்போகிறது, கரைக்குள் ஊறிய நீரோ கனமாக அப்படியே இருக்கிறது. அப்போதுதான் சரிகிறது. வெள்ளம் வடிந்துவிட்டது என்று ஆட்கள் கரையேறி நிற்கும் வேளையும் அதுவே.

கட்டுமானங்களுக்கும் இதே பாடம்தான். 2020-இல் இதே ஆற்றில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தளவானூர் தடுப்பணை 2021 ஜனவரியில் எனதிரிமங்கலம் கரைப்பக்கமாக உடைந்தது. சுமார் 16 கோடியில் கட்டி 2024 செப்டம்பரில் திறந்த அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் மூன்றே மாதத்தில் அடித்துச் செல்லப்பட்டது. கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கிறோம். அதைத் தாங்கும் மண்ணையும் அது கரையோடு சேரும் இடத்தையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.

இனிப் படிவு. கரை மீறிய நீர் வேகம் இழந்ததும் கனத்த மணலை ஆற்றோரத்திலேயே இறக்கும். வண்டலைச் சற்றுத் தள்ளிப் போடும். நுண்ணிய களியைக் கடைசி வயல்வரை கொண்டுபோகும். தூரத்து வயலுக்கு அது உரம். உடைப்பெடுத்த இடத்தருகே இருப்பவருக்கோ முழங்கால் அளவு மணல்மேடு. ஒரே வெள்ளம் ஒருவருக்கு வரவு, பக்கத்து வயல்காரருக்குச் செலவு.

இந்த வரவிலும் இரண்டு கோளாறுகள் சேர்ந்துவிட்டன. முதலாவது, அணைகள் வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. 1950-களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையின் கொள்ளளவு 2.4 டி.எம்.சி.யிலிருந்து ஏறத்தாழ 1.66 ஆகக் குறைந்திருக்கிறது. சுமையைப் பறிகொடுத்துத் தெளிந்து வெளியேறும் நீர், கீழே ஆற்றின் அடியையும் கரையையும் அறுத்துத் தன் சுமையை நிரப்பிக்கொள்ளப் பார்க்கும். மணலையும் அள்ளிவிட்டால் ஆற்றின் அடி தாழ்ந்து, கரை செங்குத்தாகி, இன்னும் எளிதாகச் சரியும். இரண்டாவது, வண்டலோடு கழிவும் சேர்ந்து வருகிறது. கெலவரப்பள்ளியில் பொங்கும் நுரையை ஓசூர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நுரை கண்ணுக்குத் தெரிகிறது. கழிவிலுள்ள உலோகங்கள் நுண்ணிய களியில் ஒட்டிக்கொண்டு போவது தெரிவதில்லை. வயலுக்கு உரமாக வரும் அதே களிதான் இதையும் சுமக்கிறது. இந்தத் தொழிற்பகுதியில் கூடியிருக்கும் நாம் இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

அரசின் பேரிடர் நிவாரண விதிகள் மண்ணை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஆறு திசைமாறி நிலமே போனால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய் என்று 2022 முதல் 2026 வரைக்கான விதி சொன்னது. தொகை போதுமா என்பது தனி வாதம். எந்தச் சர்வே எண்ணில் எத்தனை அங்குலம் படிந்தது, எத்தனை சென்ட் கரைந்தது என்று அளந்து எழுதியிருந்தால்தானே அந்த விதி உழவர் கைக்கு வந்து சேரும்?

ஆகவே கட்டுரை படிக்க வந்திருப்போருக்கு மூன்று வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆற்றின் குறுக்குவெட்டை ஒரே இடங்களில் அளக்கும் திட்டம் ஒன்றைத் தாருங்கள். நீரோட்டம் அளக்கும் நிலையங்களில் வண்டலையும் அளந்து, அந்தக் கணக்கை ஊராட்சிக்குத் தெரியும்படி வைக்க வழி சொல்லுங்கள். கெலவரப்பள்ளிக்குக் கீழே வெள்ளம் போட்ட களியை வயல் வயலாகச் சோதித்து, முடிவை முதலில் அந்த வயல்காரரிடம் கொடுங்கள். இம்மூன்றையும் செய்யும்போது உழவர்கள் சொல்லும் கரை வரலாற்றையும் தரவாகவே எழுதிக்கொள்ளுங்கள். எந்த வருடம் எந்த மரத்தடி வரை ஆறு வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நாளை மாலை நிறைவேற்றும் தீர்மானத்தில் இந்த மூன்றுக்கும் பொறுப்பாளரும் கெடு தேதியும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.