விமான நிறுவனங்களின் இணைப்பும் போட்டி ஆணையத்தின் ஒப்புதலும்

(பயிற்சி பெறும் அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரை)

2024 நவம்பர் 11ஆம் நாளோடு விஸ்தாரா என்னும் பெயரில் விமானங்கள் பறப்பது முடிவுற்றது. மறுநாள் முதல் அவ்விமானங்கள் ஏர் இந்தியாவின் விமானங்களாயின. பயணி கண்ட மாற்றம் சிறிதே. சீட்டில் நிறுவனக் குறியீடு மாறியது. விமானத்தின் எண் 2 என்னும் இலக்கத்தில் தொடங்கும் நான்கிலக்க எண்ணாயிற்று. ஆனால் டாட்டா குழுமமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இணைப்பு முடிவை அறிவித்தது 2022 நவம்பர் 29 அன்று. இடைப்பட்ட இரண்டாண்டுக் காலத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2023 செப்டம்பர் 1 அன்றும், சிங்கப்பூரின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2024 மார்ச்சிலும், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சண்டிகர் அமர்வு அதே ஆண்டு ஜூனிலும் இசைவு அளித்தன. அந்நிய முதலீட்டுக்கான மத்திய அரசின் அனுமதி ஆகஸ்ட் இறுதியில் வந்தது.

இரண்டு தனியார் நிறுவனங்கள் ஒன்றாவதற்கு இத்தனை வாயில்களா என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அச்சலிப்பு முற்றிலும் நியாயமற்றதன்று. எனினும் வாயிலே இல்லாத காலம் ஒன்றும் இந்நாட்டில் இருந்தது. அதன் விளைவுகளை முதலில் நோக்குவது நலம்.

1953இல் எட்டு உள்நாட்டு விமான நிறுவனங்கள் சட்டத்தின் வாயிலாக இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷனாக இணைக்கப்பட்டன. வெளிநாட்டுப் பயணத்துக்குத் தனிக் கழகம் அமைந்தது. போட்டி வேண்டாம் என்பதே அன்றைய கொள்கை. ஆதலின் போட்டி குறையுமா என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. அச்சட்டம் 1994இல் நீக்கப்பட்டுத் தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1991இல், ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டத்திலிருந்து இணைப்புகளுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற பகுதி எடுக்கப்பட்டிருந்தது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அப்பொறுப்பைப் புதிய ஆணையத்திடம் அளித்தது. எனினும் இணைப்புகளைப் பற்றிய பிரிவுகள் 2011 ஜூன் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. ஆக, போட்டியை வளர்ப்பதற்காக எடுக்கப்பட்ட சீர்திருத்தங்களின் முதல் இருபது ஆண்டுகளில், இணைப்பினால் போட்டி குன்றுமா என்று முன்கூட்டியே ஆராயும் அமைப்பு எதுவும் செயல்படவில்லை.

2007ஆம் ஆண்டு இந்த இடைவெளியில் விழுந்தது. ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடி ரூபாய்க்கு ஏர் சகாராவை வாங்கியது. கிங்ஃபிஷர், குறைந்த கட்டணத்திற்குப் பெயர்பெற்ற ஏர் டெக்கானின் பங்குகளை வாங்கி, அடுத்த ஆண்டு அதனைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. அரசு தன் சொந்த நிறுவனங்களான ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கியது. மூன்று இணைப்புகளும் போட்டி ஆணையத்தின் முன் செல்லவில்லை. கிங்ஃபிஷர் 2012இலும் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் பறப்பதை நிறுத்தின. அரசு நிறுவனத்திலோ இரு தரப்புப் பணியாளரின் ஊதியம், பதவி உயர்வு ஆகியவற்றை ஒரு சீராக்கும் வழியைச் சொல்ல நீதிபதி தர்மாதிகாரி குழு 2011இல்தான் அமைக்கப்பட்டது. அதாவது திருமணம் முடிந்து நான்காண்டு கழித்துப் பொருத்தம் பார்க்கப்பட்டது. அதன் பின்னர் 30,231 கோடி ரூபாய் முதலீட்டுத் திட்டம் ஒன்றையும் மக்கள் வரிப்பணம் சுமக்க நேர்ந்தது. இந்நலிவுகளுக்கு எரிபொருள் விலை, கடன் சுமை, நிர்வாகம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆய்வு இருந்திருந்தால் அனைத்தும் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று சொல்வதற்கில்லை. கேட்கப்பட வேண்டிய வினாக்கள் கேட்கப்படவில்லை என்பது மட்டும் உறுதி.

அவ்வினாக்கள் யாவை? சட்டம் கூறுவது, தொடர்புடைய சந்தையில் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க கேடு விளைவிக்கும் இணைப்பு செல்லாது என்பதாகும். இங்கு கவனிக்க வேண்டிய சொல் 'தொடர்புடைய சந்தை'. சென்னையிலிருந்து தில்லி செல்ல வேண்டியவருக்கு மும்பை–கோவா விமானம் மலிவாகக் கிடைப்பதால் பயன் யாதுமில்லை. ஆகவே விமானத் துறையில் சந்தை என்பது நாடு அன்று. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் கொண்ட ஒவ்வோர் இணையும் ஒரு சந்தை. 2013இல் ஜெட் ஏர்வேஸின் 24 சதவீதப் பங்குகளை எத்திஹாத் 2,058 கோடி ரூபாய்க்கு வாங்க முன்வந்தபோது ஆணையம் இவ்வளவுகோலையே கையாண்டது. பெரும்பான்மை உறுப்பினர் ஒப்புதல் அளித்தனர். ஓர் உறுப்பினர் மாறுபட்டார்.

அளவுகோல் மாறினால் விடையும் எவ்வளவு மாறும் என்பதை மாணவர்கள் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கின் வர்க்கத்தைக் கூட்டிக் கிடைப்பதே ஹெர்ஃபின்டால்–ஹிர்ஷ்மன் குறியீடு. நாடு முழுவதிலும் 10 சதவீதமும் 9 சதவீதமும் பங்குடைய இரு நிறுவனங்கள் இணைந்தால் குறியீடு 180 புள்ளிகள் உயரும். அதே இரு நிறுவனங்கள் ஒரு குறிப்பிட்ட வழித்தடத்தில் 30, 20 சதவீதம் என்று பங்கு வைத்திருந்தால், அங்கு உயர்வு 1,200 புள்ளிகள். நாட்டுச் சராசரியில் கண்ணுக்குத் தெரியாத கேடு, வழித்தடத்தில் மலைபோல் நிற்கும். மேலும், அவசர அலுவலாகச் செல்பவருக்குக் காலை ஏழு மணி விமானத்துக்குப் பிற்பகல் விமானம் ஈடாகாது. தில்லி, மும்பை போன்ற நெரிசல் மிக்க நிலையங்களில் இறங்கவும் புறப்படவும் ஒதுக்கப்படும் நேரங்கள், அதாவது ஸ்லாட்டுகள், புதிதாக வருவோருக்கு எளிதில் கிடைப்பதில்லை. கட்டணம் உயர்ந்தால் புதிய போட்டியாளர் தோன்றி அதனை இறக்கிவிடுவார் என்ற பாடநூல் வாதம் அங்கே வலுவிழக்கிறது.

இனி விஸ்தாரா இணைப்புக்கு வருவோம். 2022 ஜனவரி 27 அன்று டாட்டா குழுமத்திடம் ஏர் இந்தியா ஒப்படைக்கப்பட்டது. விஸ்தாராவில் அக்குழுமத்துக்கு ஏற்கெனவே 51 சதவீதப் பங்கு இருந்தது. எஞ்சிய 49 சதவீதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு உரியது. ஏர் இந்தியாவை வாங்குவதற்கு ஆணையம் 2021 டிசம்பரிலேயே இசைவு தந்துவிட்டது. எனவே உள்நாட்டு வழித்தடங்களில் இரண்டும் உண்மைப் போட்டியாளராக இருந்த காலம் 2022 தொடக்கத்திலேயே பெரும்பாலும் முடிந்துபோயிற்று எனலாம். புதிதாக நேர்ந்தது வேறு. சிங்கப்பூர் வழித்தடங்களில் ஏர் இந்தியாவின் முதன்மைப் போட்டியாளரான அயல்நாட்டு நிறுவனம், 2,059 கோடி ரூபாய் கூடுதல் முதலீட்டுடன், ஏர் இந்தியாவிலேயே 25.1 சதவீதப் பங்காளியாயிற்று. தன் போட்டியாளரின் இலாபத்தில் கால் பங்குக்கு உரியவர், அவரிடமிருந்து பயணியைக் கவர முன்போல் கட்டணத்தைக் குறைப்பாரா? பொருளாதாரத்தின் நோக்கில் இந்த இணைப்பின் கூர்மையான வினா இதுவே.

2023 ஏப்ரலில் விண்ணப்பம் வந்தது. ஏன் விரிவாக விசாரிக்கக் கூடாது என்று ஜூன் மாதத்தில் ஆணையம் விளக்கம் கேட்டதாக நாளிதழ்கள் எழுதின. செப்டம்பரில், நிறுவனங்கள் தாமாக முன்வந்து அளித்த உறுதிமொழிகளை நிறைவேற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புதல் வந்தது.

ஆணையம் மறுத்திருக்க வேண்டும் என்பாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் பறப்பதை நிறுத்தியிருந்தது; உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேரை இண்டிகோ ஒன்றே ஏற்றிச் சென்றது. அந்நிறுவனம் எவரையும் இணைத்துக்கொண்டு வளரவில்லை. தன் திறமையாலும் பிறரின் வீழ்ச்சியாலும் வளர்ந்தது. அத்தகைய வளர்ச்சிக்கு எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் மட்டுமே சட்டம் தலையிடும். பெரியதொரு நிறுவனத்துக்கு எதிரே நலிந்த பல நிறுவனங்கள் இருப்பதைவிட, நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒன்று இருப்பது மேல் என்ற கருத்துக்கு இங்கே வலு உண்டு. ஒரு நிறுவனத்தையே பெரிதும் சார்ந்திருப்பது என்ன செய்யும் என்பதை 2025 டிசம்பர் காட்டியது. விமானிகளின் பணி, ஓய்வு நேர விதிகள் முழு அளவில் நடைமுறைக்கு வந்தபின் போதிய விமானிகளின்றி இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மாற்று இருக்கைகளின் விலை எட்டாத உயரத்துக்குச் செல்லவே, 500 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்றெல்லாம் அரசே தற்காலிகமாகக் கட்டண உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. எனவே நிபந்தனையுடன் இசைந்த முடிவு சரியான முடிவே. ஆனால் அதன் மதிப்பு முழுவதும் அந்த நிபந்தனையில் இருக்கிறது.

பணியாளர் பற்றி ஒரு சொல். புதிய ஊதிய அமைப்பு குறித்த அதிருப்திக்கிடையே 2024 ஏப்ரலில் விமானிகள் போதாமல் விஸ்தாரா தன் விமானங்களில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க நேர்ந்தது. இதனை ஆராய்வது போட்டி ஆணையத்தின் வேலையன்று; வேறு எந்த வாயிலிலும் இது முன்கூட்டி எடைபோடப்பட்டதாகத் தெரியவில்லை. 2007இன் படிப்பினை இப்பகுதியில் முழுதாக ஏற்கப்படவில்லை.

நிபந்தனை எவ்வாறு வேலை செய்யும் என்பதற்குச் சிங்கப்பூர் ஆணையத்தின் ஏற்பாடு நல்ல எடுத்துக்காட்டு. சிங்கப்பூரிலிருந்து தில்லி, மும்பை, சென்னை, திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு ஊர்களுக்கான நேரடி வழித்தடங்களை அது தனித்தனியே எடுத்துக்கொண்டது. அவற்றில் பெருந்தொற்றுக்கு முந்தைய, அதாவது 2019ஆம் ஆண்டின், இருக்கை அளவு பேணப்பட வேண்டும் என்ற உறுதிமொழியைப் பெற்றது. அதனைச் சரிபார்க்கத் தற்சார்புள்ள தணிக்கையாளர் ஒருவரை நியமிக்கச் செய்தது. கட்டணத்தைக் கட்டுப்படுத்துவதைவிட இருக்கையை எண்ணுவது எளிது. கட்டணம் மணிக்கு மணி மாறும், இருக்கை அட்டவணையில் நிற்கும். இருக்கை குறையாவிடில் கட்டணமும் கட்டுமீறி உயராது என்பது இதன் அடிப்படை.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. 2019இன் அளவு ஒரு தரை. தேவையோ ஆண்டுதோறும் வளர்கிறது. வேலைக்காகவும் உறவுக்காகவும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்வோர் தொகை கூடக் கூட, உறுதிமொழியை எழுத்துப் பிசகாமல் காத்துக்கொண்டே இருக்கைப் பற்றாக்குறையை வளர விடவும் இயலும். ஆகவே தணிக்கை அறிக்கையைப் படிக்கும் அலுவலர் இருக்கைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. எத்தனை இருக்கைகள் நிரம்பின, அதே வழித்தடத்தில் இணைப்புக்கு வெளியே உள்ள நிறுவனங்கள் புதிதாக எத்தனை விமானங்களை விட்டன, அவற்றுக்கு ஸ்லாட்டுகளும் இரு நாடுகளிடையேயான ஒப்பந்தத்தின் கீழ் இருக்கை உரிமைகளும் கிடைத்தனவா என்ற மூன்றையும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். இவற்றுள் கடைசியாகச் சொன்னது போட்டி ஆணையத்தின் கையில் இல்லை. அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கோப்பில் இருக்கிறது.